ஆடு மேய்த்த பெண்ணும் நீலச் சாயமும்

(பாலக்கோட்டில் மாணவர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசணும்னுதான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் கெமிஸ்ட்ரி பற்றிப் பேசப் போகிறேன். கூப்பிட்ட தோழர்கள் மன்னிக்கணும். நம் கூட்டங்களில் நிலம் பற்றிப் பேசுகிறோம், வன்கொடுமை பற்றிப் பேசுகிறோம், இலக்கியம் பேசுகிறோம். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் அறிவியல் என்று வந்தால் அது அவர்கள் சமாச்சாரம் என்று நாமே ஒதுங்கிக்கொள்கிறோம். ஊரும் சேரியும் போல ஆய்வுக்கூடம் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். இந்தக் கோட்டைப் போட்டது யார், அதை நாம் ஏன் தாண்டாமல் நிற்கிறோம் என்பதைத்தான் இன்றைக்குப் பேச நினைக்கிறேன்.

முதலில் நம் பல்லிலிருந்து தொடங்குகிறேன். சிரிக்காதீங்க. தருமபுரிக்காரன் வெளியூர் போனால் வாயைத் திறந்ததும் கண்டுபிடிச்சுடுவாங்க. பழுப்புக் கறை. காரணம் நிலத்தடி நீரில் இருக்கிற ஃபுளோரைடு. பல் வளர்கிற வயசில் அந்தத் தண்ணியைக் குடிச்சவங்களுக்குக் கறை சாகிற வரைக்கும் போகாது. ஆழ்குழாய்த் தண்ணியைத் தவிர வேற தண்ணி இல்லாதவங்க எவ்வளவு காலம் அதைக் குடிச்சோம்! ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது.

ஃபுளோரைடு உள்ள கற்களில் ஒன்றுக்கு ஃபுளோர்ஸ்பார் என்று பெயர். அதில் சில கற்களைக் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியில் வைத்தால் நீலமாக ஒளிரும். 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்கிற விஞ்ஞானி அந்த ஒளிர்தலுக்கு இந்தக் கல்லின் பெயரையே எடுத்து ஃபுளோரசன்ஸ் என்று வைத்தார். நம் பல்லில் கறையாகப் படிந்ததும், இன்றைக்குப் புற்றுநோய் ஆராய்ச்சியில் முக்கியமான வேலை செய்கிறதும் ஒரே கல்லின் பெயரைச் சுமக்கின்றன. கறை நமக்கு வந்தது. ஒளி எங்கே போனது?

ஒளிர்தல் என்றால் என்ன? நான் வங்கியில் கிளார்க். காசாளர் மேசையில் ஊதா வெளிச்சம் விடுகிற ஒரு சின்ன விளக்கு இருக்கும். ஐந்நூறு ரூபாய் நோட்டை அதன் கீழே வைத்தால், சாதாரண வெளிச்சத்தில் தெரியாத இழைகள் மின்னும். நம்பர் ஒளிரும். கள்ள நோட்டா இல்லையா என்று அதை வைத்தும் பார்ப்போம். நடப்பது இவ்வளவுதான். அந்த மையில் இருக்கிற மூலக்கூறு புறஊதா ஒளியை வாங்குகிறது. வாங்கின சக்தியில் கொஞ்சத்தைச் சூடாக இழக்கிறது. மிச்சத்தை நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியாகத் திருப்பிக் கொடுக்கிறது. துணி வெள்ளைவெளேர் என்று தெரிவதற்குச் சோப்புத் தூளில் போடுகிற சாயமும் இதே வேலைதான் செய்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்க. இப்படி ஒளிர்கிற ஒரு சாயத்தை உடம்புக்குள் செலுத்தி, அது புற்றுச் செல்லில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டால்? எங்கே கட்டி இருக்கிறது, எங்கே முடிகிறது என்று வெளிச்சமே சொல்லிவிடும். இன்னும் ஒரு படி மேலே போவோம். சில சாயங்கள் வாங்கின சக்தி முழுவதையும் ஒளியாகக் கொடுப்பதில்லை. ஒரு பங்கைப் பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜனுக்குக் கொடுக்கின்றன. அந்த ஆக்சிஜன் வெறி பிடித்தது போல ஆகிவிடும். அதன் ஆயுள் கண் இமைக்கிற நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குள் தொட்டதை எரித்துவிட்டு அடங்கும். அதனால் சாயம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் சேதம். சாயத்துக்குத் தனியாக விஷம் கிடையாது. வெளிச்சத்துக்கும் தனியாக விஷம் கிடையாது. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் செல் சாகும். இதற்கு ஒளிவழிச் சிகிச்சை என்று பெயர். இந்த வகையில் ஃபோட்டோஃப்ரின் என்கிற மருந்து 1993-இல் கனடாவில் அனுமதி பெற்றது.

இந்தத் துறையில் உலகம் அறிந்த ஒரு வேதியியலாளரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். அவர் பெயர் டெபெல்லோ நியோகாங். கறுப்பினப் பெண். 1951-இல் லெசோத்தோவில் பிறந்தவர். லெசோத்தோ எங்கே இருக்கிறது தெரியுமா? தென்னாப்பிரிக்காவுக்கு உள்ளேயே, நாலு பக்கமும் அதனால் சூழப்பட்ட மலை நாடு. 1966-இல்தான் விடுதலை பெற்றது. அந்த நாட்டு ஆண்கள் கூட்டம் கூட்டமாகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள். நம் ஊர்ப் பையன்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ரயில் ஏறுகிற மாதிரிதான்.

அந்த அம்மா சின்ன வயசில் மலையில் ஆடு மேய்த்தவர். ஒரு நாள் பள்ளிக்கூடம், மறுநாள் ஆடு. மறுபடி ஒரு நாள் பள்ளிக்கூடம். பாதிப் படிப்பு என்று சொல்வோமே, நிஜமாகவே பாதிப் படிப்பு. பள்ளியில் பெரும்பகுதிக் காலம் கலைப் பாடங்கள்தான் படித்தார். பள்ளி முடிய இரண்டே வருஷம் இருக்கும்போது அறிவியலுக்கு மாறினார். 1972-இல் பள்ளிச் சான்றிதழ். 1977-இல் வேதியியலும் உயிரியலும் படித்துப் பட்டம். பிறகு கனடாவில் மேல்படிப்பு, 1987-இல் முனைவர் பட்டம்.

இந்த இடத்தில் என் கதையை ஒரு வரி சொல்லிக்கொள்கிறேன். பத்தாவது முடித்து பிளஸ் ஒன் சேரப் போனபோது நான் முதல் குரூப் கேட்டேன். மார்க் இருந்தது. அங்கே இருந்த வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கெதுக்குடா சயின்ஸ் குரூப்பு, காமர்ஸ் எடு, சீக்கிரம் வேலைக்குப் போகலாம்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன மாதிரியே வேலைக்கும் போய்விட்டேன். ஆனால் அன்றைக்கு வரிசையில் எனக்குப் பின்னால் என்னைவிட மார்க் குறைவாக நின்ற பையனுக்கு அந்த நல்லெண்ணம் காட்டப்படவில்லை. அவன் முதல் குரூப்பில் உட்கார்ந்தான். தீண்டாமை எப்போதும் டீக்கடைத் தம்ளராகத்தான் வரும் என்று இல்லை. சில நேரம் அக்கறையான குரலில் வரும்.

நியோகாங் 1992-இல் தென்னாப்பிரிக்காவில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். நிறவெறி ஆட்சி முடிந்தது 1994-இல். 1959-இல் அந்த நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர் சேர வேண்டுமானால் அரசாங்கத்தின் தனி அனுமதி வேண்டும் என்றது அந்தச் சட்டம். அப்படி இருந்த நாட்டில், செசில் ரோட்ஸ் என்கிற காலனிக் கொள்ளைக்காரனின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்தில், ஆடு மேய்த்த கறுப்பினப் பெண் ஆய்வுக்கூடம் அமைத்தார். பெயரை மாற்றச் சொல்லி அங்கே மாணவர்கள் போராடினார்கள். 2017-இல் நிர்வாகம் பெயரை மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தது. பெயர்ப் பலகை அவர்களுடையதாக இருக்கலாம். உள்ளே நடந்த வேலை அந்த அம்மாவுடையது. நானோ தொழில்நுட்பத்துக்கான மய்யம் ஒன்றையும் அங்கே அவர் தலைமையேற்று நடத்தினார். 2009-இல் லோரியால் - யுனெஸ்கோ விருது, ஆப்பிரிக்க, அரபு நாடுகளுக்கான பரிசு, அவருக்குக் கிடைத்தது.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் எது தெரியுமா? ஒரு நீலச் சாயம். தாலோசயனின் என்று பெயர். 1907-இல் லண்டனில் வேறு எதையோ செய்யப்போய்த் தற்செயலாகக் கிடைத்தது. 1928-இல் ஸ்காட்லாந்தில் ஒரு சாயத் தொழிற்சாலையில் மறுபடியும் தற்செயலாகவே தலைகாட்டியது. அதன் நடுவில் செம்பை வைத்தால் வருகிற நீலம்தான் இன்றைக்கு உலகம் முழுக்க அச்சு மையில், பெயிண்டில், பிளாஸ்டிக்கில் இருக்கிறது. நம் சுவரொட்டியில் அண்ணல் அம்பேத்கரின் கோட்டு நீலமாக இருக்கிறதே, அச்சகத்தில் அந்த நீலத்தைப் போடுகிற மை பெரும்பாலும் இந்தச் சாயம்தான். ஏப்ரல் 14-க்கு எத்தனை வருஷமாக இதைச் சுவரில் ஒட்டுகிறோம்! பசை வாளியோடு நின்ற நமக்கு, கையில் ஒட்டின நீலத்துக்குள் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

செம்பு நடுவில் இருந்தால் அது நல்ல மை. ஆனால் வாங்கின ஒளிச் சக்தி சட்டென்று சூடாகக் கரைந்து போய்விடும். மருந்துக்கு உதவாது. செம்பை எடுத்துவிட்டுத் துத்தநாகம் மாதிரியான வேறு உலோகத்தை வைத்தால், அதே சாயம் சக்தியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகிறது. எந்த உலோகத்தை நடுவில் வைப்பது, ஓரங்களில் எதைச் சேர்ப்பது, எதைச் சேர்த்தால் ரத்தத்தில் கரையும் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதுதான் அந்த அம்மாவின் வாழ்நாள் வேலை. அதோடு நானோ துகள்களையும் இணைத்தார். நானோ என்றால் மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய எண்பதாயிரம் நானோ மீட்டர். அவ்வளவு சின்னத் தங்கத் துகளிலோ, குவாண்டம் புள்ளி என்கிற ஒளிரும் துகளிலோ சாயத்தைக் கட்டி அனுப்புகிறார்கள். புற்றுச் செல்கள் பலவற்றுக்கு ஃபோலிக் அமிலத்தின் மேல் பசி அதிகம். கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரையில் கொடுக்கிறார்களே, அதேதான். அதைத் துகளோடு சேர்த்து வைத்தால் செல் இரை என்று நினைத்து விழுங்கும். குவாண்டம் புள்ளிகளைக் கண்டுபிடித்து வளர்த்ததற்காக 2023-இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கொடுத்தார்கள்.

இதனால் புற்றுநோய் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. இந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி இன்னும் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடித் தட்டில் வளர்க்கிற செல்களோடுதான் நிற்கிறது. சிவப்பு ஒளி சதைக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் போகும். அதனால் தோல், வாய், உணவுக்குழாய், கர்ப்பப்பை வாய் மாதிரி வெளிச்சம் எட்டுகிற இடங்களுக்குத்தான் இது முதலில் பயன்படும். குவாண்டம் புள்ளிகள் பலவற்றில் காட்மியம் இருக்கிறது, அது விஷம். அதையும் தீர்க்க வேண்டியிருக்கிறது. அறிவியலைச் சாமியாக்கிக் கும்பிட நான் வரவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஃபோட்டோஃப்ரின் மருந்து போட்டுக்கொண்டவர் குறைந்தது 30 நாள் வெயிலில் போகக்கூடாது. மருந்து தோலிலும் தங்கியிருக்கும், வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். சரி, இந்தப் பாலக்கோட்டில் தக்காளி பறிக்கப் போகிற ஒரு பொம்பளையால் 30 நாள் வெயிலில் போகாமல் இருக்க முடியுமா? கரும்பு வெட்டுகிறவரால் முடியுமா? குடிசையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் உலை யார் வைப்பது? குளிர் நாட்டில், ஜன்னல் திரை போட்ட வீட்டில் இருக்கிறவர் உடம்பை மனசில் வைத்துச் செய்த மருந்து அது. தாலோசயனின் வகைச் சாயங்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியை மட்டும் பலமாக வாங்குவதால் வெயிலின் தொல்லை குறையும் என்று எதிர்பார்க்கிறார்கள். புற்றுக் கட்டியை மட்டும் தேடிப் போகிற நானோ துகளும் இதற்கு உதவும். ஆக, வெயிலில் வேலை செய்கிறவளின் உடம்பை மனசில் வைத்தால் ஆராய்ச்சியின் கேள்வியே மாறுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்க, வெயில் தெரிந்த ஒருத்தர் ஆய்வுக்கூடத்துக்குள் இருக்க வேண்டும். இட ஒதுக்கீடு என்றால் நாலு பேருக்குச் சம்பளம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கிற உரிமையில் பங்கு கேட்கிறோம்.

யாருக்கு வலித்ததோ அவர்கள் கேட்டதால் நடந்தது நம் நாட்டிலும் உண்டு. தேவதாசிக் குடும்பத்தில் பிறந்த தாய்க்கு மகளான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். பன்னிரண்டு படுக்கை. அவ்வளவுதான் தொடக்கம்.

இன்னொன்று. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் 2000-இல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் புளிக்காடியின் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். ஒளிர்கிற சாயம் செய்கிற வேலையின் ஏழை வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்க. ஏறத்தாழ 49,000 பேர் ஒரு பிரிவு, 31,000 பேர் இன்னொரு பிரிவு. முதல் பிரிவில் சோதனைக்கு வந்தது 31,000 பேர்தான். ஒரே ஒரு முறைதான் சோதனை. அப்படியும் அந்தப் பிரிவில் நோய் நாலில் ஒரு பங்கு குறைந்தது, சாவு நூற்றுக்கு 35 குறைந்தது. 2007-இல் லான்செட் இதழில் வந்தது. நானோ வரும்போது வரட்டும். புளிக்காடி ஏன் நம் காலனிக்கு வந்து சேரவில்லை?

எங்க அத்தை ஒருத்தங்க. கூலி வேலை. வெற்றிலை, புகையிலை போடுவாங்க. கன்னத்துக்குள்ள ஒரு வெள்ளைத் திட்டு. அப்புறம் புண். ஒரு வருஷம் உப்புத் தண்ணி கொப்பளிச்சாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"ன்னு கேட்டாங்க. தக்காளி பறிச்சிட்டிருந்தோம்னு அத்தை சொல்லல, சும்மா நின்னாங்க. கரண்டு வச்சாங்க. அஞ்சு மாசம் இருந்தாங்க. வாயைத் திறந்து பார்க்க ஒரு டார்ச் லைட் போதும் தோழர்களே. அந்த வெளிச்சம் நேரத்துக்கு வரவில்லை.

ஆய்வுக்கூடத்துக்குள் போன நம் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? பக்கத்துச் சேலம் மாவட்டத்திலிருந்து போன செந்தில்குமார். பன்றி வளர்க்கிற குடும்பத்துப் பிள்ளை. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவர். 2008 பிப்ரவரியில் விடுதியில் உயிரை விட்டார். அவருக்கு ஏன் வழிகாட்டி ஒதுக்கவில்லை, உதவித்தொகை ஏன் நின்றது என்று மாணவர்கள் கேட்டார்கள். எட்டு வருஷம் கழித்து 2016 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா. அறிவியல் எழுத்தாளராக வர ஆசைப்பட்ட பிள்ளை. அவருடைய உதவித்தொகையும் மாதக்கணக்கில் நின்றிருந்தது. ஒளியை ஆராயப் போகிறவனுக்கு முதலில் மாதா மாதம் சோறு வேண்டும். பேசிப் பார்க்க ஒரு வழிகாட்டி வேண்டும்.

அண்ணல் இதை அறிந்தவர். 1913-இல் பரோடா உதவித்தொகை இல்லை என்றால் கொலம்பியா இல்லை. அவர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில்தான், 1944-இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. நம் வீடுகளில் பட்டம் வாங்கினவர்களில் எத்தனை பேர் அதில் படித்தவர்கள், கையைத் தூக்குங்க பார்ப்போம். ... நானும்தான்.

இதே மாவட்டத்தில் 2012 நவம்பரில் நத்தம் காலனியை எரித்தார்கள். நகை போனது, வண்டி போனது, துணிமணி போனது. பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. நாம் படிப்பது யாருக்கு உறுத்துகிறது என்று நமக்குத் தெரியும். அதனால்தான் விடக்கூடாது என்கிறேன்.

கடைசியாக மூன்று காரியம். இயக்கத் தோழர்கள் இதைத் தீர்மானமாகவே எடுத்துக்கொண்டால் நல்லது.

ஒன்று. பத்தாவது ரிசல்ட் வருகிற வாரம், நம் பிள்ளைகள் பிளஸ் ஒன் சேருகிற இடத்தில் நம் ஆள் ஒருத்தர் கூட நிற்க வேண்டும். பிள்ளை கேட்கிற குரூப்பை மறுத்தால் எழுத்தில் கேளுங்க. கலைப் பாடம் வேண்டும் என்கிற பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். தள்ளிவிடப்பட்டு அங்கே போய் விழக்கூடாது.

இரண்டு. ஆராய்ச்சிக்குப் போகிற பட்டியல் சாதி மாணவருக்குத் தேசிய உதவித்தொகை இருக்கிறது. ராஜீவ் காந்தி பெயரில் 2005-06-இல் தொடங்கியது. வெளிநாட்டுப் படிப்புக்கும் உண்டு. விண்ணப்பம், வருமானச் சான்று, வங்கிக் கணக்கு இதிலெல்லாம் சிக்கல் என்றால் என்னிடம் வாங்க. கவிதை எழுதுகிறதைவிட ஃபாரம் நிரப்புகிறதில் எனக்கு அனுபவம் அதிகம்.

மூன்று. வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் இந்த மூன்று புற்றுக்கும் 30 வயதுக்கு மேலே சோதனை செய்ய அரசுத் திட்டம் இருக்கிறது. உங்கள் அம்மாவை, அத்தையை, சின்னம்மாவை ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்க. அங்கே சோதனை செய்வதில்லை என்றால் ஏன் என்று கேளுங்க. அந்தக் கேள்வியும் அறிவியல்தான்.

ஒரு நாள் ஆடு, ஒரு நாள் பள்ளிக்கூடம் என்று இருந்த பெண் நீலச் சாயத்தின் நடுவிலிருந்த உலோகத்தை மாற்றிப் பார்த்தார். இந்தக் கூட்டத்திலும் ஆடு மேய்த்துவிட்டு வந்த பிள்ளை இருக்கலாம். முன்வரிசையில் இருக்கிற இந்தத் தங்கச்சி, நான் குவாண்டம் புள்ளி என்று சொன்னபோது நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாம்மா. எந்த குரூப் எடுத்திருக்கிறாய் என்று கேட்க வேண்டும்.

ஜெய் பீம்.